ஒன்று போல இரண்டு டிஸ்க்

“அட்டை கிழிஞ்சா ஒட்டிக்கலாம். உன் கம்ப்யூட்டர் பொட்டி போச்சுன்னா இன்னா பண்ணுவே?”

இப்படிக் கேட்டவர் கட்டிங் மாஸ்டர். ஆம்பூரில், ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்துப் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிற ஒரு சின்ன யூனிட்டில் தோல் வெட்டும் பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. நான் அங்கே ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கேட்டுவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையில் கிடந்த ஆட்டுத்தோலைத் திருப்பிப் போட்டு, கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். பக்கத்துப் பலகைக்காரர்கள் சிரித்தார்கள்.

“போகாது மாஸ்டர்” என்றேன்.

“அது சரி. போகாதுன்னு அதுங்கிட்ட எழுதி வாங்கிட்டியா?”

நான் ஆபீஸ் அறைக்குத் திரும்பினேன். ஆனால் விடுகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், டிரம் ஓட்டுகிறவர். அம்மா இதே யூனிட்டில் செக்கிங் டேபிளில் நிற்கிறவர். நான் வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் படித்து டிகிரி வாங்கியவள். அந்த நெஞ்சு நிமிர்வோடு முதலாளியிடம் நேராகப் போய்ப் பேசினேன். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

விஷயம் இதுதான். தோலை வெட்டுவதற்கு ஒவ்வொரு துண்டுக்கும் தடித்த அட்டையில் ஒரு பேட்டர்ன் வேண்டும். அட்டையைத் தோலின் மேல் வைத்து அதன் ஓரமாகவே கத்தியை ஓட்டுவார்கள். ஷூவின் முன்பக்கத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று, உள்துணிக்குத் தனி. இப்படி ஒவ்வொரு மாடலுக்கும், ஒவ்வொரு சைஸுக்கும். பரண் முழுக்க அட்டை மூட்டைகள். பாதியை எலி கடித்திருந்தது, மீதி மழையில் ஊதிப்போயிருந்தது. பாய் சரி என்றதும் நான் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய், எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஆபீஸ் முடிந்த பிறகு செய்கிற வேலை. ஒரு சைஸை வரைந்தால் மற்ற சைஸ்களை ப்ரோக்ராமே போட்டுவிடும். தேவையானதை மட்டும் அச்செடுத்து, புது அட்டையில் ஒட்டி, வெட்டித் தருவேன். ஆர்டர் முடிந்ததும் அந்த அட்டையையும் சேர்த்துவைப்பதில்லை. கோணல் இருக்காது. அளவு பிசகாது. மாஸ்டர் ஒரு குறை கண்டுபிடிக்க ஸ்கேலை வைத்துப் பார்ப்பார். கிடைக்காது.

ரம்ஜானுக்கு முன்னால் யூனிட்டுக்கு வெள்ளையடித்தபோது பாய் என்னைக் கூப்பிட்டார். “அந்த மூட்டைங்க எல்லாம் வோணுமா, வோணாமா?”

“எல்லாம் உள்ள இருக்கு பாய். வேணாம்.”

அன்று சாயங்காலமே அவை டீக்கடை அடுப்புக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு அந்த யூனிட்டின் பேட்டர்ன்கள் அத்தனையும் எங்கள் வீட்டு முன்னறையில், மேசைக்கு அடியில், ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த டிஸ்க் தட்ட ஆரம்பித்தது.

டக். கொஞ்ச நேரம் அமைதி. டக், டக். திரை அப்படியே உறைந்துவிட்டது. நான் சுட்டியை அசைத்தேன், அசையவில்லை. பிறகு அதுவாகவே நகர்ந்தது. சமையலறையிலிருந்து அம்மா, “இன்னா சத்தம் அது, பல்லியா?” என்றார். நான் கையை எடுத்துவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேக்கப் எடுக்காத அசடு இல்லை நான். வாராவாரம் எடுத்தேன். விண்டோஸோடு வருகிற பேக்கப் ப்ரோக்ராம் எல்லாப் பேட்டர்ன்களையும் ஒரே பெரிய ஃபைலாகச் சுருட்டி டி டிரைவில் வைத்துவிடும். சி போனாலும் டி இருக்கும் என்று கம்ப்யூட்டர் கடையில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்பினேன். சி, டி இரண்டுமே ஒரே டிஸ்கின் இரண்டு பாகம் என்பது பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். அது என் வீட்டு மேசைக்கு அடியில் நடக்கும் என்று தோன்றவில்லை. டி டிரைவைத் திறக்கப் போனால் அங்கேதான் அதிகம் தட்டியது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு வேலூர் போனேன். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒருவர். கதையைக் கேட்டுவிட்டு முதலில் அவர் கேட்டது: “தட்டுதா, தேய்க்குதா?”

“தட்டுதுண்ணா.”

“அப்போ கொஞ்சம் டைம் குடுக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ. ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்றப்போதான் அதுக்குக் கஷ்டம் ஜாஸ்தி. ஒவ்வொரு தடவையும் எழுந்துக்கும்னு சொல்ல முடியாது.”

“இப்போ ஆஃப்லதான் இருக்கு.”

“ரைட். அடுத்த தடவை ஆன் பண்ணா, வேலைய முடிச்சிட்டுத்தான் ஆஃப் பண்ணணும்.”

ஃபைல்களை மட்டும் எடுத்தால் எனக்குப் போதாது. பேட்டர்ன் போடுகிற ப்ரோக்ராமை ஒரு ஏஜென்ட் வந்து ஏற்றிவிட்டுப் போயிருந்தார். சிடி தரவில்லை. வேறு கம்ப்யூட்டரில் அந்த ஃபைல்கள் திறக்காது. போனில் அவரைப் பிடித்தபோது, டிஸ்கை அப்படியே நகல் எடுத்தால் ப்ரோக்ராமும் சேர்ந்து வந்துவிடும், தன் கம்பெனிக்கு அதில் ஆட்சேபம் இல்லை என்றார். ஆக, எனக்கு வேண்டியது பேக்கப் இல்லை, க்ளோன். ஒரு டிஸ்கில் எழுதியிருப்பதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இன்னொரு டிஸ்கில் எழுதுவது.

எந்த ப்ரோக்ராமை வைத்துச் செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. வேலூரிலேயே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலத்தில், அகராதி இல்லாமல், பக்கம் பக்கமாக. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, ரிப்பேர் கடைக்காரர் சிடியில் கொடுத்தது. நீல நிறத் திரை, பெரிய பட்டன்கள், எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற பட்டை. ஊரில் எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தார்கள். இன்னொன்று, ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்தது. பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. நாமே கட்டளையை அடிக்க வேண்டும். ஆனால் அது கெட்ட இடங்களைத் தாண்டிப்போய், நல்ல இடங்களை முதலில் படித்துவிட்டுத்தான் திரும்பி வரும் என்று எழுதியிருந்தது. எதுவரை படித்தோம் என்பதை ஒரு பென்டிரைவில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஊரெல்லாம் தினமும் கரண்ட் போகிற வருஷங்கள் அவை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற அந்த ஒரு வரியிலேயே நான் முடிவெடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்தேன் என்பதுதான் உண்மை. ஒரு எழுத்தை மாற்றி அடித்தால் போச்சு. நீலத் திரையில் அந்தப் பயம் இல்லை, பட்டனை அமுக்கினால் போதும். இரண்டு சிடியையும் பையில் போட்டுக்கொண்டேன், மனசுக்குள் நீலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். காலில் இன்னும் சுண்ணாம்பு வாசனையோடு உட்கார்ந்திருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரெண்டுல எது நல்லதுன்னு உனுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

“படிச்சுப் பாத்தேம்பா.”

“அப்போ சரி” என்று எழுந்துபோய் முகம் கழுவினார்.

அந்த ‘அப்போ சரி’ என்னை உறுத்தியது. என் தோழி ஒருத்தியின் அப்பா டீச்சர். அவள் எதைச் சொன்னாலும் வீட்டில் நாலு குறுக்குக் கேள்வி வரும். சலித்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் நான் சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அது எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்குத்தான், நான் தப்பாகச் சொன்னாலும் இந்த வீட்டில் பிடிக்க ஆள் இல்லை என்று பட்டது.

நகல் எடுக்க இன்னொரு டிஸ்க் வேண்டும். வியாழக்கிழமை மறுபடி வேலூர். ரிப்பேர் கடைக்காரர் புது டிஸ்க் ஒன்றை எடுத்துப் போட்டார். என்னுடையது எண்பது ஜிபி, இது நூற்று அறுபது.

“வேற கம்பெனியாச்சே இது” என்றேன்.

“எதுவா இருந்தா இன்னா? எடம் ஜாஸ்தியா இருக்கு, நல்லதுதானே.”

“இல்லண்ணா. என்னுது மாதிரியே வேணும். அதே கம்பெனி, அதே எம்பது.”

“அது இப்ப வர்றதில்லம்மா. செகண்ட் ஹேண்ட்ல தேடணும்.”

“தேடுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ஆம்பூரா நீ?”

“ஆமா.”

“அதான். எது வாங்க வந்தாலும் ஜோடி பாக்கறீங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அது நிஜம். எங்கள் வேலையே ஜோடி சேர்ப்பதுதான். இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரே தோலில், பக்கத்துப் பக்கத்து இடத்தில் வெட்ட வேண்டும். நிறம் ஒரு சாயல் மாறினாலும், தோலின் மேல் தெரிகிற மணிமணியான புள்ளிகள் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் அம்மா அதைத் தூக்கித் தனியாக வைத்துவிடுவார். ஒன்று போல இல்லாத இரண்டை ஜோடி என்று சொல்ல எங்கள் ஊர்க் கண்ணுக்கு வராது. நகல் என்றால் அசலுக்கு ஜோடி. அப்படித்தான் என் புத்தி ஓடியது. சந்து சந்தாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு மாடிக் கடையில் கண்டுபிடித்தேன். அதே கம்பெனி, அதே எண்பது. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் பச்சைக்கோடுகூட அதேதான். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஊர் வந்துசேரும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை யூனிட் லீவு. பாய் ஜும்மா தொழுகைக்காக வெள்ளியில் மூடிவிட்டு ஞாயிறு நடத்துவார். சனிக்கிழமை காலை ஒரு புது மாடலை வெட்ட ஆரம்பிக்க வேண்டும். அதற்கான பேட்டர்னை நான் வரைந்து முடித்திருந்தேன். ஒரு சைஸை மட்டும் தாளில் எடுத்து, பார்வைக்குத் தைத்துப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, அட்டைக்கு இன்னும் அச்செடுக்கவில்லை. அதாவது, வெள்ளிக்கிழமை ஒரே நாளில் எனக்கு எல்லாம் முடிய வேண்டும். முடியாவிட்டால் பலகைக்காரர்கள் சனிக்கிழமை கத்தியோடு வந்து நிற்பார்கள், வெட்ட ஒன்றும் இருக்காது. அந்த மாடல் மட்டுமில்லை, பழைய மாடல் எதற்கும் அட்டை இருக்காது. தோல் வேலையில் பேட்டர்ன் பக்கம் போன முதல் பொம்பளைப் பிள்ளை என்று அம்மா செக்கிங் டேபிளில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு எப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியும்.

அந்த மாதம் எங்கள் தெருவுக்கு மின்வெட்டு மதியத்தில். காலை சாப்பாட்டை முடித்ததும் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். புது டிஸ்கை வயரில் மாட்டி, பழையதன் பக்கத்தில் வைத்தேன். நீலத் திரையின் சிடியைப் போட்டு ஸ்விட்சை அமுக்கினேன். பழைய டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. டக் என்றது. பிறகு பிடித்துக்கொண்டது. நான் மூச்சு விட்டேன்.

திரை வந்தது. எந்த டிஸ்கிலிருந்து, எந்த டிஸ்குக்கு என்று கேட்டது. கீழே இரண்டு வரிகள்.

டிஸ்க் 1, எண்பது ஜிபி. டிஸ்க் 2, எண்பது ஜிபி. ஒரே கம்பெனிப் பெயர். இரண்டிலும் நாற்பது நாற்பதாக இரண்டு பாகம், ஏனென்றால் எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் எண்பதை அப்படித்தான் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை.

எது பழசு, எது புதுசு?

முதலில் இருப்பதுதான் பழசு என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. ஆனால் வயரைச் செருகும்போது எது முதல் துளை, எது இரண்டாவது துளை என்று நான் பார்க்கவில்லை. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் வயரும் தூசியும்தான் தெரிந்தன. மாற்றிச் சொல்லிவிட்டால், புது டிஸ்கில் இருக்கும் வெறுமையை இந்த ப்ரோக்ராம் ஒழுங்காக, பட்டை ஓடவிட்டு, என் பேட்டர்ன்கள் மேல் எழுதிவிடும். நூற்றுக்கு நூறு முடிந்தது என்று வேறு சொல்லும்.

பழைய டிஸ்கை மட்டும் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். அதற்கு ஆஃப் செய்ய வேண்டும். ஆஃப் செய்தால் எழுந்துகொள்ளுமா என்பது தெரியாது.

கை சுட்டியின் மேலேயே இருந்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தார்.

“இன்னாடி, ஆரம்பிக்கலியா?”

“ரெண்டும் ஒரே மாதிரி காட்டுதும்மா. எது எதுன்னு தெரியல.”

“நீதானே ஒரே மாதிரி வோணும்னு ஊரெல்லாம் தேடுனே.”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். அதனால் இன்னும் வலித்தது.

“டைம் ஓடுது பாரு. பாய்க்கு ஒரு போன் பண்ணு. சாவி குடுப்பாரு. யூனிட்ல ஜெனரேட்டர் இருக்கு, கரண்ட் போற பயம் இல்ல.”

“பண்ணா எதுக்குன்னு கேப்பாரு.”

“கேட்டா சொல்லு.”

“முடிச்சுட்டுச் சொல்றேம்மா.”

அம்மா கீரையோடு உள்ளே போய்விட்டார். தட்டு கொஞ்சம் சத்தமாகவே வைக்கப்பட்டது.

டக், டக் என்று பழைய டிஸ்க் நினைவூட்டியது. அந்தச் சத்தம் எந்த டிஸ்கிலிருந்து வருகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது, விரலால் தொட்டுச் சொல்வேன். திரைக்குத்தான் தெரியவில்லை. அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. டிஸ்கின் ஸ்டிக்கரில் ஒரு நீளமான சீரியல் நம்பர் இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றாலும் அந்த நம்பர் ஒன்றுக்கொன்று மாறும். நீலத் திரை அதைக் காட்டவில்லை. கறுப்புத் திரை காட்டும் என்று படித்த ஞாபகம்.

மின்சாரத்தை நிறுத்தாமல், கீபோர்டிலேயே மறுதொடக்கம் செய்தால் டிஸ்க் சுற்றுவது நிற்காது. அதுவும் படித்ததுதான், செய்து பார்த்ததில்லை. நீல சிடியை வெளியே எடுத்தேன். பத்திரிகை சிடியைப் போட்டேன். மறுதொடக்கத்துக்கான மூன்று விசைகளையும் சேர்த்து அமுக்கினேன். திரை இருண்டது. நான் காதைப் பெட்டிக்குள் வைத்துக் கேட்டேன். சுற்றும் சத்தம் குறையவில்லை.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கொட்டி நின்றன. டிஸ்குகளின் விவரத்தைக் கேட்கும் கட்டளையை அடித்தேன். இரண்டு சீரியல் நம்பர்கள் வந்தன. டார்ச்சைப் பிடித்துப் பழைய டிஸ்கின் ஸ்டிக்கரை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். எண்களை மட்டும் அவர் திரையில் விரல் வைத்துச் சரி பார்த்தார்.

பழசு இரண்டாவதாக இருந்தது. நீலத் திரையும் அதே வரிசையில்தான் காட்டியிருக்கும். எனக்குள் சொன்ன குரலைக் கேட்டு முதல் வரியை அமுக்கியிருந்தால் அந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

கட்டளையை அடித்தேன். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை படித்தேன். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், ஏன் என்று தெரியாமல். “அடி” என்றார். அடித்தேன்.

எண்கள் ஓட ஆரம்பித்தன. நல்ல இடங்களில் சரசரவென்று. கெட்ட இடம் வந்ததும் நின்று, டக் என்று, தாண்டி, மறுபடி ஓட்டம். பட்டை இல்லை, படம் இல்லை. பாதியைத் தாண்டியது. முக்கால் ஆனது. அம்மா தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கோபம் போயிருந்ததா என்று தெரியவில்லை. “சாப்ட்டுக்கினே பாரு” என்றார். நான் சோற்றைத் தொடவில்லை.

வழக்கமான நேரத்துக்கு முன்னதாகவே கரண்ட் போனது. மின்விசிறி முதலில் நின்றது. யுபிஎஸ் கீச்சிட்டது. அதன் பாட்டரி பழசு, சில நிமிஷம்தான் தாங்கும். ப்ரோக்ராமை ஒழுங்காக நிறுத்தினேன். எதுவரை படித்தது என்று பென்டிரைவில் குறித்துக்கொண்டது. பிறகு சுற்றும் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி அடங்கியது.

தெருவில் யாரோ, “இன்னா, இன்னைக்கு இப்பவே எடுத்துட்டானுங்க” என்று திட்டிக்கொண்டு போனார்கள். பாயிடம் சாவி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வியர்வையோடு அப்படியே உட்கார்ந்திருந்தோம். அப்பா ஒரு விசிறி அட்டையை எடுத்து, தனக்கு வீசாமல், திறந்து கிடந்த பெட்டிக்கு வீசினார். சூடு ஆறட்டும் என்றார்.

கரண்ட் வந்ததும் ஸ்விட்சை அமுக்கினேன். டக், டக், டக். எழுந்துகொள்ளவில்லை. அணைத்தேன். கொஞ்சம் விட்டு மறுபடி. டக், டக். பிறகு எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு சுற்றியது. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அதே கட்டளையை அடித்தேன். தொடர்ந்தது. மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. அந்தக் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டே போய், ஒரு இடத்தில் தேய்க்கிற சத்தம் கேட்டது, தகரத்தில் மணலைத் தேய்ப்பதுபோல. எண்கள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு அந்த டிஸ்க் எழவே இல்லை.

புதியதை மட்டும் வைத்து இயக்கினேன். விண்டோஸ் வந்தது. பேட்டர்ன் ப்ரோக்ராம் திறந்தது. மாடல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தேன். வருகிறது, வருகிறது, வருகிறது. அம்மா பின்னால் நின்று, தனக்குத் தெரிந்த மாடலையெல்லாம் அடையாளம் சொன்னார்: “இது அந்தப் பக்கிள் வெச்சது. இது போன வருஷம் ரிஜெக்ட் ஜாஸ்தியா வந்தது.” அவர் குரலில் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்திருப்பேன். கடைசியாக, சனிக்கிழமை வெட்ட வேண்டிய புது மாடலைத் திறந்தேன்.

திறக்கவில்லை. பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. படிக்காமல் விட்ட அந்தக் கொஞ்சத்தில் அது இருந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை யூனிட்டுக்குப் போனேன். பாய் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் பக்கத்தில் நின்றிருந்தார். தோலெல்லாம் பிரித்துப் பலகைகளில் விரித்தாகிவிட்டது.

“பாய், என் கம்ப்யூட்டர் டிஸ்க் போய்டுச்சு. நகல் எடுத்துட்டேன். எல்லா மாடலும் இருக்கு. இன்னைக்கு வெட்ட வேண்டியது மட்டும் போச்சு.”

மாஸ்டர், “நான் அன்னைக்கே...” என்று ஆரம்பித்தார். பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

“டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“செவ்வாக்கெழமை.”

“செவ்வாக்கெழமை தெரிஞ்சு சனிக்கெழமை சொல்றே.”

நான் தோள்பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

“இங்க ஜெனரேட்டர் இருக்குது. சொல்லியிருந்தா நானே வந்து கதவத் தொறந்திருப்பேன். பேஜார் உனுக்கு மட்டுமா? இத்தினி பேரு நிக்கறாங்களே.”

“தப்புதான் பாய்.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். “மாஸ்டர், கையில போட்டா எப்ப ஆவும்?”

“எல்லா சைஸும்னா திங்கக்கெழமை தாண்டும்.”

பாய் என் பக்கம் திரும்பினார். “நீ? எப்ப ஆரம்பிக்கப் போறே?”

நான் தோள்பையைத் திறந்தேன். பொழுது விடிந்ததுமே அம்மா யூனிட்டுக்குப் போய், வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, அந்த மாடலில் பார்வைக்குத் தைத்த ஒன்றை ரிஜெக்ட் கூடையிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். தோலில் ஒரு கீறல் என்று அவரே ஒதுக்கியது, அளவில் தப்பில்லாதது. சமையலறையில் உட்கார்ந்து இருவரும் பிளேடால் தையலைப் பிரித்தோம். ஒவ்வொரு துண்டையும் தட்டையாக்கி, கோடு எடுத்து, நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு சைஸ் ஏறிவிட்டால் மற்றதை அது போட்டுக்கொள்ளும். முன்பக்கத் துண்டும் பக்கவாட்டுத் துண்டும் எல்லா சைஸிலும் முடிந்திருந்தன. நாக்கும் உள்துணியும் பாக்கி.

பையிலிருந்து அட்டைகளை எடுத்து, பசை ஈரமாக இருந்ததால் ஒன்றன்மேல் ஒன்று படாமல், பலகையின் மேல் தனித்தனியாகப் பரப்பி வைத்தேன்.